சகாயமேரி நடந்த ரோடு

தார்ரோட்டில் தண்ணீர் ஊறின வருஷம் என்று செம்பரைக்காரர்கள் இன்றைக்கும் சொல்லி, அதை வைத்தே பிள்ளைகளின் வயசையும் கல்யாணங்களின் பழமையையும் கணித்துக்கொள்கிற அந்த வருஷத்துச் சித்திரையில், மாவு மில் தவமணி தன்னுடைய ஊர்வலத்தைப் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து தாலுகா ஆபீசுக்கு நடத்திக்கொண்டு போனாள். தன்னுடைய ஊர்வலம் என்றுதான் அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வெளியே சொல்லும்போது மக்கள் ஊர்வலம் என்பாள்.

ஊருக்குக் கிழக்கே தண்ணீர் கம்பெனி வந்து, பனை உயரத்துக்கும் பல மடங்கு ஆழமாகக் குழாய் இறக்கி, பூமிக்குள் கிடந்த தண்ணீரை உறிஞ்சி பாட்டிலில் அடைத்து, அந்த பாட்டிலைச் செம்பரைக் கடைகளிலேயே தொங்கவிட்டு விற்க ஆரம்பித்தபோது, முதலில் கிணறுகள் வற்றின, பிறகு தெருக்குழாய்கள் காற்றைத் துப்பின, பிறகு நிலக்கடலைக் கொடிகள் காய் பிடிக்காமலே காய்ந்தன. மிளகாய் அரைக்க வருகிறவர்களையும் மாவு திரிக்க வருகிறவர்களையும் பிடித்து வைத்துப் பேசிப் பேசி ஒரு கமிட்டி கூட்டியவள் தவமணி. வருஷம் தவறாமல் ஊர்வலம் போனாள். வருஷம் தவறாமல் தாசில்தார் வாசலுக்கு வந்து, மனுவைக் கும்பிட்டு வாங்கி, மேலே அனுப்புவதாகச் சொன்னார். ஜனங்கள் மோர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கத்திக் கத்தி அவள் குரல் கரகரத்துப் போனது, முட்டி தேய்ந்தது, மில்லுக்கு வருகிற கூட்டமும் குறைந்தது. "நடந்து நடந்து என்னத்தக் கண்டோம்?" என்று கேட்டவர்களிடம், "நடக்காம இருந்து நீங்க என்னத்தக் கண்டிய?" என்று கேட்டு வாயை அடைத்தாளே தவிர, அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் உமியைப் போல ஒட்டிக்கொண்டுதான் கிடந்தது.

அன்றைக்கு அந்த ஊர்வலத்தால் டவுன் பஸ் நின்றுபோனது. பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்த சகாயமேரி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள், பிறகு இறங்கினாள், கூடையைத் தலையில் ஏற்றினாள், கூட்டமும் தான் போக வேண்டிய வழியாகத்தான் போகிறது என்பதால் அதன் வாலில் சேர்ந்துகொண்டாள். கோஷம் எதுவும் போடவில்லை. பக்கத்தில் வந்தவளிடம் எதற்குப் போகிறோம் என்று கேட்டாள். தண்ணிக்கு என்றதும், "ஆமா, வேணும்லா" என்றாள். தபால் ஆபீசைத் தாண்டும்போது அவள் செருப்பின் வார் அறுந்தது. அதை அங்கேயே உதறிவிட்டு, வெயிலில் உருகிக் களியாகக் கிடந்த தாரில் வெறுங்காலோடு நடந்தாள்.

அவள் காலெடுத்த ஒவ்வொரு இடத்திலும் பாதம் அச்சாகப் பதிந்தது. பதிந்த ஒவ்வொரு பாதத்திலும் தண்ணீர் ஊறியது.

முதலில் குடித்தது ஒரு நாய். அப்புறம் ஆட்டோக்காரர் ஒருவர் ரேடியேட்டருக்கு மொண்டு ஊற்றினார். தாலுகா ஆபீஸ் எதிரே டீக்கடை போட்டிருந்த மைதீன் பாய் ஒரு டம்ளர் அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடித் திறந்து, கடைக்குள் போய்ப் பெரிய சருவப் பானையை எடுத்துக்கொண்டு வந்தார். எவ்வளவு அள்ளினாலும் பாதத்தின் விளிம்புவரை தண்ணீர் திரும்ப ஏறியது, விளிம்பைத் தாண்டி ஒரு சொட்டும் வழியவில்லை. தாசில்தார் மனுவை வாங்க வாசலுக்கு வந்தபோது கொடுப்பதற்குத் தவமணி ஒருத்திதான் நின்றாள். மற்றவர்கள் எல்லாரும் ரோட்டில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னம்மா, கூட்டத்தக் காணும்?" என்றார் தாசில்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தன் குரலுக்கு இத்தனை வருஷம் திரும்பாத தலைகள் எல்லாம் ஒரு கருவாட்டுக்காரியின் காலடியில் குனிந்திருந்தன. அப்போது அவள் அடிவயிற்றில் விழுந்த தீ பிறகு அணையவே இல்லை.

ஊர் அந்தச் சுவடுகளைத் தன் நடைமுறைக்குள் எடுத்துக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. குழாயடியில் சண்டை போட்டுப் பழகிய பெண்கள் சுவடுகளைத் தெரு வாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். குதிகால் பள்ளத்துத் தண்ணீர் ஆடுமாடுகளுக்கு, நடுப்பாதத்துத் தண்ணீர் சமையலுக்கு, விரல் குழிகளில் நிற்கிற தண்ணீர் குடிப்பதற்கு, அதிலும் சுண்டுவிரல் குழித் தண்ணீர் கைக்குழந்தைகளின் வயிற்றுப் பொருமலுக்கு என்று தானாக ஒரு வழக்கம் வந்தது. பஸ்கள் சுற்றுவழியாகப் போயின, கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தைப் பாதம் ஸ்டாப் என்று கூவினார்கள். சிலர் மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், சிலர் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், வெள்ளிக்கிழமைகளில் மைதீன் பாய் சாம்பிராணி போட்டார், ஒருவரும் ஒருவரையும் தடுக்கவில்லை. இன்ஜினியர் ஒருவர் ஜீப்பில் வந்து குச்சி விட்டு ஆழம் பார்த்து, இது சாதாரணக் கசிவுதான் என்று எழுதிக்கொண்டு, போகும்போது தன் வீட்டுக்கு ஒரு கேன் பிடித்துக்கொண்டு போனார். கடைசியில், செம்பரையின் குடிநீர்ப் பிரச்சினை இயற்கையாகவே தீர்ந்துவிட்டபடியால் கமிட்டியின் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று தாலுகா ஆபீசிலிருந்து தவமணிக்குத் தகவல் வந்தது.

"குடிக்கத்தானய்யா காணும்! கடலைக்கு? கிணத்துக்கு? அவன் இன்னும் புதுசா குழா எறக்குதான், பாக்கலையா?" என்று அவள் கமிட்டிக் கூட்டத்தில் கத்தினாள். கூட்டத்துக்கு வந்திருந்த நாலைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தவமணியக்காவுக்குப் பொறாம" என்றாள் ஒருத்தி, மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

அது உண்மை. தவமணி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, அவளுக்குப் பொறாமை என்பதும் உண்மை. பாலில் விழுந்த தண்ணீரைப் போல இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன, கம்பெனி மேல் உள்ள ஆத்திரம் எவ்வளவு, மேரி மேல் உள்ள எரிச்சல் எவ்வளவு என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் ஒருத்தி மட்டும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கவில்லை. பக்கத்து ஊருக்கு நடந்துபோய் உப்புத் தண்ணீர் தூக்கி வந்தாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கு ரோட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத் தானும் நடந்தாள். தார் பொசுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி மிதித்தாள். பிறகு ஒரு வேலிமரத்துக் குச்சி நிழலில் உட்கார்ந்து, அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோலத் தன் சுவடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி வந்து அவற்றின் மேல் ஏறிப் போனது. கம்பெனி லாரிதான்.

வீட்டுக்காரர் பொன்ராசு, முன்னாள் கண்டக்டர், அதிகம் பேசாத மனுஷன், அவள் உள்ளங்கால் கொப்புளங்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏளா, ஊருக்குத் தண்ணி வரணும்னு நெனச்சியா, ஒன் காலுல வரணும்னு நெனச்சியா?"

"ரெண்டும்தான்" என்றாள் தவமணி. "ஏன், ரெண்டும் வந்தா ஆகாதாக்கும்?"

அவர் எண்ணெயைத் துடைத்துவிட்டு எழுந்து போனார்.

இதற்கிடையில் சகாயமேரியை ஊர் நடக்கவிடவில்லை. முதலில் எல்லாத் தெருக்காரர்களும் அவளைத் தங்கள் தெருவில் நடக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நடந்தாள். தண்ணீர் வரவில்லை. அன்றைக்கு வந்தது அன்றைக்கு மட்டும்தான். மேரியம்மாவுக்கு மனசு சரியில்லை என்று முடிவு செய்தவர்கள் அவள் காலைக் கழுவி மஞ்சள் பூசினார்கள். பாதத்தில் கருவாட்டு வாடை ஆகாது என்று கூடையைப் பிடுங்கி வைத்தார்கள். கதம்பம் சுற்றிய நாற்காலியில் அவளை உட்கார வைத்து, போகிற இடமெல்லாம் நாலு பேர் தூக்கிப் போனார்கள். அவள் புருஷன் சூசை, கடலுக்குப் போவதை விட்டுவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் காணிக்கைத் தட்டோடு நின்றான்.

ஒரு நாள் அந்த நாற்காலி மாவு மில் வாசலில் இறங்கியது. மாவு திரிக்க நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள்.

"யக்கா, ஒங்க கமிட்டிக் கூட்டத்துக்கு நானும் வரட்டா?" என்றாள் மேரி. "நீங்க பேசுதது சரின்னுதான் எனக்குத் தோணுது. கம்பெனிக்காரன் எங்க வீட்டுக்கு வந்து சேலை வச்சுக் குடுத்துட்டுப் போறான். அவன் எதுக்குக் குடுக்கணும்?"

தவமணி மிஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னாள்: "நீ வந்தா கூட்டம் நெறையும் தாயி. ஆனா அது என் கூட்டமா இருக்காது, ஒங்காலக் கும்பிட வந்த கூட்டமா இருக்கும். போ, போயி நாக்காலில உக்காரு."

மாவு பறந்து மேரியின் கண்ணிமைகளில் வெள்ளையாக ஒட்டியது. பிறகு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தது வளைவு. தபால் ஆபீசைத் தாண்டி, சுவடுகள் தொடங்குகிற இடத்தில், தண்ணீர் கம்பெனி தன் சொந்தச் செலவில் ஒரு அலங்கார வளைவு கட்டி, ஒவ்வொரு சுவட்டைச் சுற்றியும் கருங்கல் பதித்து, புனிதப் பாதச் சுனை என்று பொன்னெழுத்தில் பொறித்து, கீழே உபயம் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டது. திறப்புவிழா நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மேளம், மேடையில் நாற்காலி, நாற்காலியில் மேரி, எல்லாருக்கும் சாப்பாடு. ஊரே அங்கே போய்ப் பந்தியில் உட்கார்ந்தது. மைதீன் பாய்கூடக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார்.

தவமணி போகவில்லை. பட்டப்பகலில், ஆளரவமற்ற ரோட்டில், வளைவு கட்டி மிஞ்சின சிமெண்டையும் மணலையும் கொத்தன்மார் விட்டுப்போன சட்டியில் குழைத்தாள். முதல் சுவட்டில் கொட்டினாள். தண்ணீர் எதிர்க்கவில்லை, சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போனது. கரண்டியால் வழித்து மட்டம் பார்த்துப் பூசிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். கம்பெனிக்காரன் வளைவு கட்டும்படி ஆகிப்போனதே என்று ஒரு சுவட்டை மூடினாள், கருகின கடலைக்காக ஒன்றை மூடினாள், தன் தொண்டைக்காக ஒன்றை, தன் முட்டிக்காக ஒன்றை, என் ஊர்வலத்துக்கு என்னத்துக்குடீ வந்தே என்று மீதி அத்தனையையும் மூடினாள்.

கடைசிச் சுவடு தாலுகா ஆபீஸ் வாசற்படியை ஒட்டி இருந்தது. அதற்கு முன்னால் மண்டி போட்டபோதுதான் கவனித்தாள், எவ்வளவு சின்னப் பாதம்! பெருவிரல் கொஞ்சம் வெளியே வளைந்து, குதிகாலில் வெடிப்பு ஓடி, சுமை தூக்கி நடந்தவளின் பாதம். தண்ணீரில் வானம் தெரிந்தது. அவளுக்குத் தாகமாக இருந்தது. சிமெண்ட் அப்பின கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒரு கை அள்ளிக் குடித்தாள். அப்படி ஒரு தண்ணீரை அவள் பிறந்ததிலிருந்து குடித்ததில்லை. ஊர் அத்தனை நாளாகக் குடித்தது இதைத்தானா என்று நினைத்ததும் கண் கலங்கியது. இன்னொரு கை அள்ளிக் குடித்தாள். அப்புறம் அதையும் மூடினாள்.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவந்த ஊர் ரோட்டைப் பார்த்தது. சிமெண்டை உளி வைத்துக் கொத்திப் பார்த்தார்கள். அடியில் காய்ந்த தாரும் ஜல்லியும்தான் இருந்தன. யார் செய்திருப்பார்கள் என்று ஒருவரும் அதிக நேரம் யோசிக்கவில்லை. சிமெண்ட் கம்பெனியுடையது, மணல் கம்பெனியுடையது, தண்ணீர் இல்லாமல் போனால் பாட்டில் விற்பதும் கம்பெனிதான். சாயங்காலத்துக்குள் வளைவில் ஒரு எழுத்துகூட மிஞ்சவில்லை.

தவமணி வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் கூப்பிடாமலே ஊர் கிளம்பியது. இதுவரை எந்த ஊர்வலத்துக்கும் வராதவர்கள் வந்தார்கள். கடலை போட்டவர்கள், கடை வைத்தவர்கள், வயிறு பொருமுகிற பிள்ளைகளை இடுப்பில் வைத்தவர்கள், தாலுகா ஆபீஸ் பியூன்கள்கூட. அதுவரை தண்ணீர் வேண்டும் என்று கேட்டவர்கள்தான், ஆனால் இந்தத் தடவை கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று வந்தார்கள், அந்த வித்தியாசம் நடையிலேயே தெரிந்தது. தாசில்தார் கும்பிட்டுக்கொண்டு வந்தபோது நீட்டுவதற்கு யாரிடமும் மனு இல்லை. அங்கேயே உட்கார்ந்தார்கள். அங்கேயே அடுப்புக் கூட்டினார்கள். கம்பெனி லாரிகள் போகிற ரோட்டில் பாய் விரித்துப் படுத்தார்கள். போலீஸ் வந்து அடித்தது, சிலருக்கு மண்டை உடைந்தது, பொன்ராசுவுக்குக் கை முறிந்தது. யாரும் எழுந்து போகவில்லை. என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் பேச்சுக்கு மயங்கக் கூடாது என்பதெல்லாம் தவமணிக்குத்தான் தெரிந்திருந்தது. பேச்சுவார்த்தைக்கு வந்த அதிகாரிகளிடம் அவள்தான் போய்ப் போய் மல்லுக்கு நின்றாள். அவள் குரல் முழுசாக அறுந்துபோய், சைகையில் கோஷம் போட்டாள்.

ஆனால் கூட்டம் முழங்கியது மேரியம்மா பாதத்துக்கு நியாயம் வேண்டும் என்றுதான். பேப்பர்காரர்கள் படம் பிடித்ததும் மேரியைத்தான். அவள் கூட்டத்தின் நடுவே, நாற்காலி இல்லாமல், தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் உத்தரவு வந்தது. கம்பெனியின் குழாய்களுக்கு சீல் வைத்தார்கள். ஊர் வெடி போட்டது. கிணறுகள் உடனே நிறைந்துவிடவில்லை. ரெண்டு மழை பொய்த்தது, மூன்றாவது மழைக்குப் பிறகு பாதிக் கிணறுகளில் கயிறு நனைகிற அளவுக்கு வந்தது, மீதி வரவில்லை. கம்பெனி எங்கேயும் அழிந்துபோய்விடவும் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் வேலங்குளம் என்ற ஊரில் இடம் வாங்கிக் குழாய் இறக்க ஆரம்பித்தது.

தண்ணீர் நின்றுபோனதும் மேரியை ஊர் மெல்ல மெல்ல விட்டுவிட்டது. சூசை கடலுக்குத் திரும்பினான். ஒரு நாள் முற்பகலில், தலையில் கூடையோடு அவள் மில்லுக்கு வந்தாள். கூடையை இறக்கிவிட்டு, மிஷின் நிற்கிறவரை காத்திருந்தாள்.

"நெத்திலி இருக்கு, சாளை இருக்கு. வேணுமாக்கா?"

"நெத்திலி குடு."

தாளில் அள்ளி வைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் மேரி சொன்னாள்: "அன்னைக்கு நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்கா."

"எதை?"

"நீங்க சிமெண்டு பூசினத. மேடையில உக்கார முடியல, ஒண்ணுக்குப் போகணும்னு சொல்லிட்டுப் பின்னால எறங்கி ஓடியாந்தேன். அந்தக் கடைசிப் பாதத்துல நீங்க அள்ளிக் குடிச்சதையும் பாத்தேன்."

மில்லுக்குள் மாவு மெதுவாக இறங்கிப் படிந்துகொண்டிருந்தது.

"ஏன் சொல்லல?" என்றாள் தவமணி. வராத குரலில் கேட்டாள்.

"சொன்னா ஒங்கள அடிச்சே கொன்னுருப்பாவ. அதோட," மேரி தாளை மடித்து நீட்டினாள், "நானே மூடணும்னு எத்தன நாளு நெனச்சேன் தெரியுமா? அந்த நாக்காலில உக்காந்து பாத்தாத்தான் தெரியும். எனக்குத் தைரியம் வரல, நீங்க செஞ்சிட்டிய. ஒங்களுக்கு ஒரு கும்பிடு போடணும்னு இருந்தேன், இத்தன நாளா எடம் வாய்க்கல."

அவள் உண்மையிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். தவமணிக்கு அழுகை வரும்போல இருந்தது, அந்த அழுகைக்கு அடியிலேயே பழைய தீயும் திகுதிகுவென்று எரிந்தது. தண்ணீர் வந்ததும் இவள் காலில், படம் வந்ததும் இவள் முகம், ஊரே கேட்டும் வாய் திறக்காமல் இருந்த பெருந்தன்மையும் இவளுடையது, கடைசியில் நன்றி சொல்கிற இடமாவது நமக்கு மிஞ்சும் என்று பார்த்தால் அதையும் இவளே முந்திக்கொண்டு சொல்லிவிட்டாளே!

"வேலங்குளத்துலருந்து ஆளு வந்தாவ" என்றாள் மேரி, கூடையைத் தூக்கிக்கொண்டே. "அங்கயும் கெணறு எறங்குதாம். வந்து எங்க ஊருல ஒரு நட நடந்து குடுங்கம்மான்னு காலப் புடிக்காவ. எனக்கு என்ன தெரியும்? நான் அன்னைக்கு பஸ்ஸு நின்னதால வந்தவ. எங்க ஊருல தவமணியக்கான்னு ஒருத்தி இருக்காவ, அவியளப் போயிக் கூப்புடுங்கன்னு சொல்லிவிட்டேன். போவியளா?"

தவமணி நெத்திலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே அவள் வேலங்குளத்துக்கு பஸ் ஏறினாள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை, கூட்டிப்போக யாரும் வந்து நிற்கவும் இல்லை. ரோட்டோரத்து முதல் வீட்டில் ஒரு பெண் காலிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பிள்ளைக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தவமணி அவள் முன்னால் போய் நின்றாள். திரும்பி வந்திருந்த பாதிக் குரலில், செம்பரையில் அத்தனை வருஷத்துக்கு முன்னால் எந்தக் கேள்வியில் தொடங்கினாளோ அதையே கேட்டாள்.

"ஒங்க கெணத்துல தண்ணி எவ்வளவு எறங்கியிருக்கு தாயி?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு? யாரு அனுப்பி வந்திய?" என்றாள்.

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள் தவமணி.